ஹெட்செட்டில் பார்த்த வீடும் ஒப்பந்தத்தில் எழுதப்படும் வீடும்

சென்னையின் தெற்குப் புறநகரில் வாடகை வீட்டில் இருக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"என் கணவர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். நான், இரண்டு பிள்ளைகள், வாக்கர் பிடித்து நடக்கும் மாமியார் என நாங்கள் நால்வரும் இங்கே இருக்கிறோம். ஒரு ஏரிக்குப் பக்கத்தில் ஐந்து டவர்கள் கொண்ட குடியிருப்பு வரப்போகிறது. இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. விற்பனை அலுவலகத்தில் தலையில் ஹெட்செட் மாட்டிவிட்டு, 'இது சாதாரண 3டி படம் இல்லை மேடம், டிஜிட்டல் ட்வின். கட்டப்போகும் கட்டடத்தின் அச்சு அசல்' என்றார்கள். நான்காவது டவரில் 11-வது மாடி. ஹாலில் நடந்தேன். மேற்குப் பக்க பால்கனியில் நின்றால் எதிரே ஏரி, கீழே பூங்கா, கிளப் ஹவுஸ், நீச்சல் குளம். மஸ்கட்டில் இருக்கும் கணவருக்கு லிங்க் அனுப்பினார்கள், அவரும் போனிலேயே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டார். விலை 92 லட்சம். அதில் ஏரி தெரிவதற்காக மட்டும் மூன்றரை லட்சம். 2 லட்சம் டோக்கன் கொடுத்துவிட்டோம். 15 நாளில் 20 சதவீதம் கட்டினால்தான் இந்த விலை, அக்ரிமென்ட் அப்புறம் போடலாம் என்கிறார்கள். அக்ரிமென்ட் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். கணினிக் காட்சிகள் எல்லாம் கற்பனையே, அவை ஒப்பந்தத்தின் பகுதி ஆகாது என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. 'அது வெறும் படம்க்கா, நாளைக்கு எதுவும் கேட்க முடியாது' என்கிறான் தம்பி. கணவரோ, 'ட்வின் என்றால் அதன்படிதான் கட்டியாக வேண்டும். ரெரா நம்பரும் போட்டிருக்கிறார்கள், பயப்படாதே' என்கிறார். யார் சொல்வது சரி? பணத்தைக் கட்டலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டு இரண்டு வருடம் கழித்துத்தான் அதை முதன்முறையாகப் படிக்கிறார்கள். அதனால் உங்களுக்கு இன்னும் எல்லா வழியும் திறந்தே இருக்கிறது.

உங்கள் கணவர், தம்பி இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதைப் பிரித்துச் சொல்வதற்கு முன், 15 நாள் கெடு ஓடிக்கொண்டிருப்பதால் அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 20 சதவீதத்தை இப்போது கட்டாதீர்கள்.

அந்த ரெரா எண் எந்த டவருக்கு?

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளில் இருந்த பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்தேன். எண் உண்மையானதுதான். ஆனால் அது முதல் கட்டத்துக்கு, அதாவது ஒன்று, இரண்டாம் டவர்களுக்கு மட்டும் வாங்கியது. உங்கள் நான்காவது டவர் அதில் இல்லை. கிளப் ஹவுஸும் நீச்சல் குளமும்கூட அந்தப் பதிவோடு உள்ள வரைபடத்தில் இல்லை.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு திட்டத்தைக் கட்டம் கட்டமாகக் கட்டினால் ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டம்தான், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதிவு வாங்க வேண்டும். பதிவு வாங்குவதற்கு முன் விளம்பரம் செய்வதோ, புக்கிங் எடுப்பதோ, விற்பதோ 3-வது பிரிவின்படி கூடாது. மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்க 59-வது பிரிவில் இடம் இருக்கிறது. உங்களிடம் வாங்கிய 2 லட்சத்தையே அவர்கள் வாங்கியிருக்கக் கூடாது. விலகிவிட முடிவு செய்தால், 'டோக்கன் திரும்பக் கிடைக்காது' என்று படிவத்தில் அச்சடித்திருந்தாலும், அதை எதிர்த்துக் கேட்க இதுவே உங்களுக்கு வலுவான காரணம்.

டிஜிட்டல் மாடல்களில் எனக்குப் பெரிய கவலை தருவது இதுதான். காகித வரைபடத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எல்லைக்கோடு இருக்கும். ஹெட்செட்டுக்குள் போனால் ஐந்து டவரும் ஒரே வெயிலில், ஒரே புல்வெளியில், ஒரே நாளில் எழுந்து நிற்கும். எது அனுமதி வாங்கியது, எது விண்ணப்பத்தில் இருக்கிறது, எது பில்டரின் ஆசையாக மட்டும் இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் கணவர் ஏமாந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு போன் திரையில் பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நான்காவது டவருக்குப் பதிவு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 20 சதவீதம் கேட்க முடியாது. விற்பனை ஒப்பந்தத்தை எழுதி, அதைப் பதிவும் செய்த பிறகுதான் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கலாம் என்கிறது 13-வது பிரிவு. 92 லட்சத்தில் 10 சதவீதம் 9 லட்சத்து 20 ஆயிரம். அவர்கள் கேட்பது 18 லட்சத்து 40 ஆயிரம். "அக்ரிமென்ட் அப்புறம் போடலாம்" என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

ட்வின் என்ற சொல்

இரட்டைப் பிள்ளை என்றால் இன்னொரு பிள்ளை இருக்க வேண்டும். தொழிற்சாலைகளிலும் விமான என்ஜின்களிலும் டிஜிட்டல் ட்வின் என்று சொல்வது, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் பொருளிலிருந்து சென்சார்கள் வழியாகத் தகவல் வந்துகொண்டே இருக்க, அதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும் கணினி வடிவத்தைத்தான். 2002-இல் மைக்கேல் கிரீவ்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தக் கருத்தை முன்வைத்தபோதும் நிஜப் பொருள், கணினிப் பொருள், இரண்டுக்கும் நடுவே ஓடும் தகவல் என்று மூன்றும் அதில் இருந்தன. இன்னும் மண்ணே வெட்டாத ஒரு கட்டடத்துக்கு, முழுப் பொருளில், அப்படியொரு ட்வின் இருக்க வாய்ப்பில்லை.

நீங்கள் பார்த்தது இரண்டில் ஒன்றாக இருக்கும். கட்டடக்கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய 'பிம்' மாடலாக, அதாவது கட்டடத்தின் உறுப்புகளைத் தகவல்களோடு பதிந்த முப்பரிமாண வடிவமாக இருந்தால், அதில் தூண், பீம், குழாய் செல்லும் ஷாஃப்ட் எல்லாம் உண்மை அளவில் இருக்கும். இதை நான் மதிக்கிறேன். காகிதத்தில் கண்ணுக்குப் படாத குறைகளை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் நல்ல கருவி அது. இன்னொன்று, விற்பனைக்காகவே வீடியோ கேம் மென்பொருளில் செய்த காட்சி. அதில் கட்டில் அரை அடி குறுகியிருக்கும், ஹாலின் மூலையில் துருத்தும் தூண் இருக்காது, ஏசியின் வெளி யூனிட் எங்கேயும் தொங்காது. சாதாரணத் திரையில் அகலக் கோணத்தில் காட்டும்போது 11 அடி அறை 14 அடி போலத் தெரியும். உங்கள் கணவர் போனில் பார்த்தது அப்படித்தான் இருந்திருக்கும்.

எது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரு கட்டடக்கலைஞர் சொல்லிக்கொடுத்த வழி இருக்கிறது. அடுத்த முறை போகும்போது, "மே 20, மதியம் மூன்றரை மணிக்கு வையுங்கள்" என்று சொல்லுங்கள். இடமும் திசையும் சரியாகப் பொருத்திய மாடல் என்றால் உங்கள் மேற்குப் பார்த்த ஹாலில் வெயில் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று காட்டிவிடும். முடியாது என்றால், நீங்கள் பார்த்த மாலை வெளிச்சம் வரைந்து வைத்த வெளிச்சம். அப்புறம் வரைபடத்தில் உள்ள கார்பெட் ஏரியா, அதாவது வெளிச்சுவர்களுக்கு உள்ளே நாம் புழங்கும் தரைப்பரப்பின் அளவை வாங்கிவந்து, மொட்டை மாடியில் சாக்பீஸால் ஹாலையும் படுக்கையறையையும் முழு அளவில் வரைந்து அதற்குள் நடந்து பாருங்கள். உங்கள் கட்டிலும் பீரோவும் எங்கே நிற்கும் என்று ஹெட்செட்டைவிட அது நன்றாகச் சொல்லும்.

"கற்பனையே" என்று எழுதிவிட்டால் போதுமா?

போதாது. இங்கேதான் தம்பி சொல்வதைத் திருத்த வேண்டும். இந்தச் சட்டத்தில் 'விளம்பரம்' என்பதற்கு மிக அகலமான பொருள் இருக்கிறது. எந்த ஊடகத்தின் வழியாக, எந்த வடிவத்தில் செய்த பிரசாரமும் அதில் அடங்கும். விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கொடுத்தவருக்கு, அதில் இருந்த தவறான தகவலால் இழப்பு ஏற்பட்டால் பில்டர் ஈடு செய்ய வேண்டும் என்கிறது 12-வது பிரிவு. திட்டத்திலிருந்தே விலக நினைத்தால் கட்டிய முழுப் பணமும் வட்டியோடும் இழப்பீட்டோடும் திரும்ப வர வேண்டும். செங்கல்லில் கட்டிக் காட்டும் மாதிரி வீட்டுக்குப் பொருந்தும் விதி, ஹெட்செட்டில் காட்டும் மாதிரி வீட்டுக்கும் பொருந்தும் என்பதே என் வாதமாக இருக்கும்.

பில்டர் பக்கமே சாய்ந்து எழுதிய ஒப்பந்தப் பிரிவுகள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019-இல் பயனியர் அர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேறு வழியில்லாமல் புள்ளியிட்ட கோட்டில் கையெழுத்துப் போட்டவரின் நிலையை நீதிமன்றம் அதில் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே அந்தப் பிரிவைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 12-வது பிரிவில் நீங்கள் இரண்டை நிரூபிக்க வேண்டியிருக்கும்: காட்டியது இதுதான் என்பது, அதனால் உங்களுக்கு இழப்பு வந்தது என்பது. சுவர் நிறமும் சோபாவும் மாறினால் யாரும் பணம் வாங்கித்தர மாட்டார்கள். அதோடு, "இந்தப் பிரிவைப் படித்துத் தெரிந்துகொண்டுதானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்று அவர்களுடைய வக்கீல் உங்களைக் கேட்பார். நீங்கள் நகலைப் படித்ததாக எனக்கு எழுதியே இருக்கிறீர்கள். கையெழுத்துக்குப் பின் வாதாடி வெல்வதைவிட, இப்போது அந்தப் பிரிவைத் திருத்தச் சொல்வது பல வருட அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஏரியும் பூங்காவும்

இந்த இரண்டும்தான் உங்களை அந்த வீட்டோடு கட்டிப்போட்டிருக்கின்றன என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் டவருக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு பச்சைத் திடல் இருக்கிறது. அது பில்டரின் மனைக்கு வெளியே இருக்கிறது. யாருடைய நிலம்? மாடலில் புல் வரைந்துவிட்டால் அது புல்வெளி ஆகிவிடாது. நாளை அதன் சொந்தக்காரர் அனுமதி வாங்கி 15 மாடி எழுப்பினால் உங்கள் பால்கனியிலிருந்து ஏரி தெரியாது. அதைத் தடுக்கவும் முடியாது. காற்று, வெளிச்சத்துக்கான உரிமையே 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 வருடம் தடையின்றி அனுபவித்தால்தான் உருவாகிறது. அழகான காட்சி தெரிய வேண்டும் என்பதற்கு அப்படிப்பட்ட உரிமையே கிடையாது. அதற்கு மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். அந்தத் திடலின் சர்வே எண்ணை வாங்கி, பட்டா யார் பேரில் இருக்கிறது, சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் முழுமைத் திட்டத்தில் அது எந்த நிலப் பயன்பாட்டு வகையில் வருகிறது என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் ஒருவேளை அப்படியே இருக்கும். தனியார் பட்டா என்றால் அந்த மூன்றரை லட்சத்தை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். அல்லது எதற்காக வாங்குகிறார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது பூங்கா. விளம்பரத் தாளில் மனை நாலரை ஏக்கர் என்று இருக்கிறது, சுமார் 18,200 சதுர மீட்டர். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனையில், சாலைகள் நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்காக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வார்கள். அது பொதுமக்களின் பூங்கா. ஊரில் யார் வேண்டுமானாலும் வரலாம், உங்கள் சங்கம் பூட்டு போட முடியாது. ஹெட்செட்டில் உங்கள் பிள்ளைகள் விளையாடுவதாகக் கற்பனை செய்து பார்த்த அந்தப் பூங்கா ஓ.எஸ்.ஆர். நிலமா, குடியிருப்பின் பொதுப் பகுதியா? அனுமதி வரைபடத்தில் இது எழுதியிருக்கும். ஓ.எஸ்.ஆர். என்றால் கெட்ட செய்தி என்று சொல்லவில்லை, தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவது நல்லதுதான். அதைத் தனிப் பூங்கா என்று விலையில் சேர்த்திருக்கக் கூடாது என்பதே விஷயம்.

வரைபடம் கைக்கு வரும்போது இன்னொன்றையும் ஒப்பிடுங்கள். டவரைச் சுற்றித் தீயணைப்பு வண்டி வருவதற்கு விட வேண்டிய வழியில்தான் விற்பனை மாடல்களில் பெரும்பாலும் பூச்செடியும் நடைபாதையும் முளைத்திருக்கும்.

கண்ணால் பார்த்ததை எழுத்தில் கொண்டுவருவது

அச்சடித்த விளம்பரப் புத்தகத்தை உங்களிடம் கொடுத்தபின் பில்டரால் மாற்ற முடியாது. டிஜிட்டல் மாடல் அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. இன்று இரவே நீச்சல் குளத்தை எடுத்துவிட்டு, நாளைக் காலை அதே லிங்கைக் கொடுக்கலாம். ஆகவே இந்த வாரமே கணவரிடம் சொல்லி அந்த லிங்கில் வீடு முழுவதையும் சுற்றி, தேதி தெரிய ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுக்கச் சொல்லுங்கள். அசல் கோப்பை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், இரண்டு இடத்தில் வையுங்கள். வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் தேவைப்படும். அதற்கு அசல் கோப்பு கலையாமல் இருக்க வேண்டும்.

அதன் பிறகு ஒரு மின்னஞ்சல். "இன்ன தேதியில் உங்கள் அலுவலகத்தில் காட்டிய மாடலில் இவற்றைப் பார்த்தோம், இவற்றை நம்பியே புக் செய்தோம்" என்று பட்டியல் போட்டு, உறுதி செய்யக் கேளுங்கள். கோபமாக எழுத வேண்டாம். அவர்கள் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் கடிதம் உங்களுக்கு உதவும்.

ஒப்பந்தத்தில் நான் கேட்கச் சொல்வது மூன்றே விஷயங்கள். கார்பெட் ஏரியா, ஒவ்வொரு அறையின் உள் அளவு, தூண்களின் இடம், கதவு ஜன்னல் அளவுகள் இவற்றோடு உங்கள் வீட்டின் அனுமதி வரைபடத்தைப் பிற்சேர்க்கையாக இணைக்க வேண்டும். கிளப் ஹவுஸ், நீச்சல் குளம் எந்தக் கட்டத்தில், எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுத வேண்டும். அப்புறம், "திட்டத்தில் செய்யும் எந்த மாற்றத்துக்கும் வாங்குபவர் இப்போதே சம்மதிக்கிறார்" என்ற வாசகம் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்குள் மாற்றம் செய்ய உங்கள் சம்மதமும், பொதுப் பகுதிகளிலும் மொத்த வரைபடத்திலும் மாற்றம் செய்ய வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும் என்று 14-வது பிரிவு தந்திருக்கும் பாதுகாப்பு அந்த ஒரு வரியில் போய்விடக் கூடாது.

எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விலகுங்கள். டோக்கனைத் திருப்பித் தர மறுத்தால் ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பணமும் வட்டியும் திரும்பக் கேட்பதை ஆணையம் விசாரிக்கும், இழப்பீடு கேட்பதைத் தீர்ப்பளிக்கும் அலுவலர் விசாரிப்பார். 2021-இல் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் பிரித்துச் சொன்னது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் மூடப்படவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2 லட்சத்துக்காக இரண்டு இடத்தில் அலைய வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் அந்த வீடே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டவருக்குப் பதிவு வந்து, எழுத வேண்டியவை எழுதப்பட்டால் நல்ல வீடாகவே அமையலாம். அந்த மாடலால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவியை இன்னும் நீங்கள் கேட்டு வாங்கவில்லை. மாமியார் வாக்கர் பிடித்து நடக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நம் ஃப்ளாட்டுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான். இன்று வாக்கர், நாளை சக்கர நாற்காலி தேவைப்படலாம். மாடலுக்குள் ஒரு சக்கர நாற்காலியை வைத்து, அவருடைய அறையிலிருந்து குளியலறைக்குள் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். இடித்தால், அந்தக் கதவை 900 மில்லிமீட்டர், அதாவது மூன்று அடி என்று வரைபடத்தில் மாற்றி, அந்த அளவைப் பிற்சேர்க்கையிலும் எழுதி வாங்குங்கள். நான்காவது டவர் இன்னும் பதிவாகாத இந்த நேரத்தில் அது ஒரு கோட்டைத் தள்ளிப் போடும் வேலை. சுவர் எழுந்து, டைல்ஸ் ஒட்டி, குழாய் பதித்த பிறகு கேட்டால் அத்தனையையும் உடைக்க வேண்டியிருக்கும்.